பனியாறு கொட்டிய மணல்: வட மிச்சிகன் காட்டு மண்ணைத் தோண்டிப் படிக்கும் முறை

அமெரிக்காவின் வட மிச்சிகனில் கல்காஸ்கா ஊரிலிருந்து கிரேலிங் ஊருக்கு எம்-72 சாலையில் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கல்காஸ்கா பக்கத்து மேடுகளில் சுகர் மேப்பிளும் பீச்சும் தரையில் வெயில் விழாதபடி அடர்ந்து நிற்கும். கிரேலிங்கை நெருங்க நெருங்க மரங்கள் குட்டையாகி, இடைவெளி விட்டு, கடைசியில் ஒல்லியான ஜாக் பைனும் அதன் காலடியில் காட்டு புளூபெர்ரியும்தான் மிஞ்சும். இரண்டு காட்டுக்கும் அடியில் இருப்பது மணல். இரண்டையும் கொண்டுவந்து சேர்த்தது ஒரே பனிப்பாளத்தின் உருகுநீர். அப்படியிருந்தும் ஒரு பக்கம் மேப்பிள், மறுபக்கம் ஜாக் பைன்.

இந்த வேற்றுமைக்கான விடையில் பாதி மண்ணுக்குள் எழுதியிருக்கிறது. ஒரு மண்வெட்டி இருந்தால் எவரும் தோண்டிப் படிக்கலாம். மண் பார்க்கப் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு நான் இந்த வட்டாரத்தையே முதலில் சொல்வேன். தோண்டுவது எளிது, அடுக்குகள் வண்ணம் வண்ணமாகப் பிரிந்து தெரியும், தண்ணீர் எந்த வழியில் போகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

முதலில் இந்த மணலின் பிறப்பு

ஏறத்தாழ 12,000 முதல் 15,000 ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் வடபகுதியை மூடியிருந்த லாரன்டைடு பனிப்பாளம் இங்கிருந்து வடக்கே பின்வாங்கியது. பனியின் விளிம்பிலிருந்து உருகுநீர் பல கிளைகளாகப் பிரிந்து ஓடியது. வேகம் குறையக் குறைய ஓடும் தண்ணீர் கூழாங்கல்லை முதலில் விட்டுவிடும், அடுத்து மணலை விடும், வண்டலையும் களியையும் தொலைவுக்கு எடுத்துப் போய்விடும். அரிசி களைவதுபோல இயற்கையே களைந்து வைத்த மண் இது. பனியே நேராகத் தள்ளிவிட்டுப் போன படிவு வேறு மாதிரி இருக்கும். அதில் களி, மணல், முனை மழுங்காத கல் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் வட்டாரத்தின் நிலவமைப்பில் பாதி புரிந்துவிடும்.

மணலுக்குள் பெரிய பெரிய பனிக்கட்டிகளும் புதைந்து போயின. அவை பின்னால் உருகியபோது மேலிருந்த மணல் சரிந்து பள்ளமானது. சில பள்ளங்களில் நீர் நின்று ஏரியாயிற்று. கிரேலிங்குக்கு வடக்கே ஹார்ட்விக் பைன்ஸ் மாநிலப் பூங்காவில் பிரைட், குளோரி என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு ஏரிகள் உண்டு. இரண்டும் அப்படிப் பிறந்தவை. அதே பூங்காவில் வெட்டுப்படாத பழைய வெள்ளைப் பைன் காடும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. தோண்டுவதற்கு முன் ஒரு நாள் அங்கே நடந்து பாருங்கள்.

கிளம்புவதற்கு முன்

அமெரிக்க வேளாண் துறை மண் வரைபடத்தை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 'வெப் சாயில் சர்வே' என்பது அதன் பெயர். நீங்கள் போகும் இடத்தை அதில் குறித்தால் அங்கே எந்த மண் என்று சொல்லும். கல்காஸ்கா, கிரேலிங், ரூபிகான் போன்ற பெயர்கள் வரும். ஊர்களின், ஆறுகளின் பெயர்களையே மண்ணுக்கும் வைப்பது அங்கே வழக்கம். மாநிலப் பறவை, மாநிலப் பூ என்பதுபோல, கல்காஸ்கா மண் 1990-இலிருந்து மிச்சிகனின் மாநில மண். வரைபடத்தை முடிவாக நம்பிவிட வேண்டாம். ஒரு வண்ணத் திட்டுக்குள் வேறு மண்ணும் சிறு துண்டுகளாகக் கலந்திருக்கும். வரைபடம் சொல்வதைக் கேள்வியாக எடுத்துப் போய்க் குழியில் விடை தேடுவதே சரியான முறை.

அனுமதி வாங்காமல் தோண்டக் கூடாது. மாநிலக் காடு என்றால் இயற்கை வளத் துறையிடமும் தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடமும் கேளுங்கள். வீட்டு மனையோ சாலையோரமோ என்றால் 811 எண்ணுக்குச் சில வேலை நாள்கள் முன்பே சொல்லிவிட்டால், அடியில் போகும் எரிவாயுக் குழாயையும் மின்கம்பியையும் வந்து குறித்துத் தருவார்கள்.

மண்வெட்டி, கத்தி, அளவு நாடா, தார்ப்பாய், கை லென்ஸ், இரண்டு லிட்டர் தண்ணீர், அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் தாள், வெள்ளை அட்டை. இவ்வளவு போதும். மண் துளைப்பான் கிடைத்தால் நல்லது. மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் மன்செல் வண்ணப் புத்தகம் விலை அதிகம், ஆரம்பத்தில் தேவையில்லை. ஈர மண்ணை வெள்ளை அட்டையில் விரலால் தேய்த்து, பக்கத்தில் ஆழத்தை எழுதி வையுங்கள். மூன்று குழி முடிந்ததும் உங்களிடம் சொந்தமாக ஒரு வண்ணப் புத்தகம் இருக்கும்.

எங்கே தோண்டுவது

காட்டுத் தரை மேடும் பள்ளமுமாக இருப்பதைக் கவனியுங்கள். என்றோ வேரோடு சாய்ந்த மரம் இருந்த இடத்தில் ஒரு குழி, அதன் வேர்ப்பிடி மண் உதிர்ந்த இடத்தில் பக்கத்திலேயே ஒரு மேடு. மணலில் இந்தத் தடம் மரம் மக்கிப் போன பிறகும் நெடுங்காலம் அழியாது. மேட்டில் தோண்டினால் அடுக்குகள் புரண்டு குழம்பிக் கிடக்கும். பள்ளத்தில் பனியும் இலையும் கூடுதலாகத் தேங்குவதால் அடுக்குகள் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியிருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட சமதளமே முதல் குழிக்கு ஏற்ற இடம். அண்மையில் சாய்ந்த மரம் கண்ணில் பட்டால் அதன் வேர்ப்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். மேல் அடுக்குகளை வேர் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

தோண்டும் முன் செடிகளைப் பார்த்து ஒரு ஊகம் எழுதி வைப்பது நல்ல பழக்கம். ஜாக் பைன், சாம்பல் நிற ரெயின்டியர் லைக்கன் (பாசியும் பூஞ்சையும் இணைந்த உயிரி), பிராக்கன் பெரணி, புளூபெர்ரி சேர்ந்திருந்தால் வறண்ட, சத்துக் குறைந்த மணலை எதிர்பார்க்கலாம். சுகர் மேப்பிள் செழித்திருந்தால் அடியில் ஏதோ ஒன்று ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

குழி

இலைச் சருகையும் அதன் கீழே வேரோடு பின்னிக் கிடக்கும் கறுப்புப் பாயையும் சதுரமாக வெட்டித் தனியே எடுத்து வையுங்கள். அடுத்து வரும் மண்ணைத் தார்ப்பாயில் வந்த வரிசையிலேயே குவியுங்கள். வெயில் விழும் பக்கத்துச் சுவரைச் செங்குத்தாக விட்டு, மறுபக்கத்தைச் சரிவாக வெட்டினால் இறங்கி ஏற வசதி.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன்: ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் போகாதீர்கள். மணல் சுவர் முன்னறிவிப்பு இல்லாமல் சரியும். இடுப்பளவு மணலில் சிக்கினாலே தனியாக வெளியே வருவது கடினம். அதற்கும் கீழே பார்க்க வேண்டுமென்றால் துளைப்பானை இறக்குங்கள். தனியாகப் போய்த் தோண்டவும் வேண்டாம்.

தோண்டியபின் மண்வெட்டி வழித்த சுவரைக் கத்தியால் மேலிருந்து கீழாக மெல்லச் சுரண்டி விடுங்கள். அதுவரை மங்கலாக இருந்த சுவரில் அடுக்குகள் எழுந்து வரும். முதல் குழியில் நான் அதிக நேரம் நின்றது அந்த நிமிடத்தில்தான்.

சுவரைப் படிப்பது

கல்காஸ்கா மண்ணாக இருந்தால் மேலே சில சென்டிமீட்டர் கறுப்பு மட்கு. அதன் கீழே வெளிறிய சாம்பல் மணல், சில நேரம் லேசான இளஞ்சிவப்பு கலந்து. அதற்கும் கீழே கத்தியால் கோடு கிழித்ததுபோல நிறம் மாறும். கருஞ்சிவப்புக் காப்பித் தூள் நிறத்தில் ஓர் அடுக்கு. அது இறங்க இறங்கத் துருப் பழுப்பாகி, பிறகு மஞ்சள் பழுப்பாகி, கடைசியில் பனிக்காலத்து மூல மணலின் வெளிர் நிறத்தில் போய்ச் சேரும். மண்ணியலில் இந்த அடுக்குகளுக்கு ஓ, ஏ, ஈ, பி, சி என்று எழுத்துப் பெயர்கள். சாம்பல் அடுக்கு ஈ, காப்பி நிற அடுக்கும் துரு அடுக்கும் பி.

நடந்தது இதுதான். மழையும் உருகிய பனியும் சருகு வழியாக இறங்கும்போது கரிம அமிலங்களைக் கரைத்து எடுத்துக்கொள்கின்றன. அந்த அமிலங்கள் மணல் துகள்கள் மேல் பூசியிருக்கும் இரும்பையும் அலுமினியத்தையும் பிடித்துக் கீழே கொண்டு போகின்றன. பூச்சு போன மணல், அதன் இயல்பான குவார்ட்ஸ் நிறத்தில், வெளுத்து நிற்கிறது. கீழே போனது பி அடுக்கில் மீண்டும் படிந்து கறுப்பும் துருவுமாகிறது. ஈ அடுக்கிலிருந்து ஒரு சிட்டிகையும் பி அடுக்கிலிருந்து ஒரு சிட்டிகையும் எடுத்துக் கை லென்ஸில் அடுத்தடுத்துப் பாருங்கள். முதலாவதில் ஒவ்வொரு துகளும் கழுவிய கண்ணாடிபோல மின்னும். இரண்டாவதில் அதே துகள்கள் தேன் தடவியதுபோலப் பழுப்புப் பூச்சோடு ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இந்த மண்ணின் கதை முழுவதும் அந்த இரண்டு சிட்டிகைக்குள் இருக்கிறது.

இவ்வகை மண்ணுக்குப் பொட்சால் என்று பெயர். ரஷ்ய மொழியில் 'சாம்பலுக்கு அடியில்' என்ற பொருள் தரும் சொற்களிலிருந்து வந்தது. அமெரிக்க வகைப்பாட்டில் ஸ்போடோசால்.

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்தச் சாம்பல் அடுக்கில்தான். நானும் தவறினேன். தண்ணீர் தேங்கிய மண் சாம்பல் நிறமாகும் என்று படித்திருந்ததால், முதல் குழியின் குறிப்பேட்டில் 'வடிகால் மோசம்' என்று எழுதிவிட்டேன். ஊரிலேயே மிக வேகமாக நீர் வடியும் மண்ணுக்கு அப்படி எழுதியது! பிரித்தறியும் வழி இது: தண்ணீர் தேங்குவதால் வரும் சாம்பல், துருப் புள்ளிகளோடு கலந்து திட்டுத் திட்டாக இருக்கும், பெரும்பாலும் கீழிருந்து மேலாகப் பரவும். அமிலம் கழுவியதால் வரும் சாம்பல், மட்குக்கு நேர் கீழே ஒரே நிறமாக, தனி அடுக்காக இருக்கும். அதன் கீழே காப்பி நிறம் வரும். குழி முழுக்க ஒரு மீட்டர் ஆழம்வரை சாம்பலும் துருவும் கலந்த திட்டுகள் இல்லையென்றால், ஆண்டின் பெரும்பகுதி அங்கே நீர்மட்டம் அதற்குக் கீழேயே இருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுக்குகளின் எல்லை நேர்கோடாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சாம்பல் அடுக்கு சில இடங்களில் நாக்குபோல அரை மீட்டர்கூட கீழே நீளும். பி அடுக்கில் கத்தி 'டக்' என்று தட்டினால் அது கல்லாக இருக்க வேண்டியதில்லை. இரும்பும் கரிமப் பொருளும் மணலைச் சிமென்ட்போலக் கட்டிய கட்டியாகவும் இருக்கலாம். இதை ஓர்ட்ஸ்டைன் என்பார்கள். வெல்லக்கட்டிபோலக் கையில் அழுத்தினால் உடைகிறதா, சுத்தியல் கேட்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வேர் அதைத் துளைக்குமா என்பது அதைப் பொறுத்தது.

கைவிரல் சோதனை

ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு பிடி எடுத்து நனைத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் அது மணல். உருண்டை நின்று, ஆனால் விரலால் தேய்த்து நாடாவாக நீட்ட முடியாவிட்டால் கொஞ்சம் வண்டலும் களியும் கலந்த மணல். வகைப்பாட்டில் மணல் துகள் என்றால் 0.05 முதல் 2 மில்லிமீட்டர்; நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அப்படிப்பட்ட துகளாக இருந்தால்தான் மண்ணுக்கு 'மணல்' என்று பெயர். கல்காஸ்காவும் கிரேலிங்கும் அந்த வகை. கூழாங்கற்கள் அகப்பட்டால் முனைகளைத் தடவிப் பாருங்கள். உருகுநீர் உருட்டி வந்த கல் முனை மழுங்கியிருக்கும்.

தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது

குழியின் ஓரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டுச் சுவரைப் பாருங்கள். கோடையில் காய்ந்த சருகு முதலில் தண்ணீரை ஏற்காமல் உருட்டிவிடும், சற்றுப் பொறுங்கள். மணலைத் தொட்டதும் தண்ணீர் காணாமல் போகும். கல்காஸ்கா மண் நனைந்த நிலையில் மணிக்கு ஏறத்தாழ 15 முதல் 50 சென்டிமீட்டர் தண்ணீரைக் கீழே விடக்கூடியது. எந்த மழையும் அந்த வேகத்தை எட்டுவது அரிது. அதனால்தான் இந்தக் காடுகளில் சரிவில்கூட ஓடைத் தடம் அதிகம் தெரியாது.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மென்மணல் அடுக்குக்குக் கீழே பருமணல் அடுக்கு இருந்தால், இறங்கி வரும் ஈரம் அந்த எல்லையில் நின்றுவிடும். பருமணலில் இன்னும் வேகமாக இறங்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மென்மணலின் நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. மேலே போதிய அளவு நிறையும்வரை பருமணலுக்குள் அது விழாது. சுவரில் அந்த எல்லையோரமாகக் கருத்த ஈரக்கரை ஒன்று படர்வதைப் பார்க்கலாம். மேப்பிள் மரத்துக்கு மணல் ஏன் சில இடங்களில் போதுமானதாக இருக்கிறது என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, துளைப்பானில் ஒரு மீட்டருக்குக் கீழே அகப்படும் செம்பழுப்பு வரிகள். சில மில்லிமீட்டர் தடிமனே இருக்கும், ஆனால் அவற்றில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் களி ஈரத்தைப் பிடித்துவைக்கும். இப்படி வரிகள் வந்தால் எத்தனை, எந்த ஆழத்தில் என்று தவறாமல் எழுதுங்கள்.

தாவரம் எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீர் இந்த மணலில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 5 முதல் 7 சென்டிமீட்டர்தான். மணலும் வண்டலும் களியும் அளவாகக் கலந்த நல்ல இருமண்ணில் இதைப்போல இரண்டு, மூன்று மடங்கு நிற்கும். அமெரிக்க மண் கணக்கெடுப்பில் வடிகாலுக்கு ஏழு படிகள் உண்டு. கல்காஸ்கா 'சற்று மிகையாக வடிவது', கிரேலிங் அதற்கும் ஒரு படி மேலே, 'மிகையாக வடிவது'.

கிரேலிங் குழி

அடுத்து கிழக்கே போய் ஜாக் பைனுக்கு அடியில் இதே குழியைத் தோண்டுங்கள். மெல்லிய கறுப்பு, பழுப்பு, பிறகு வெளிர் மணல். சாம்பல் அடுக்கு இருந்தும் இல்லாததுபோல இருக்கும், காப்பி நிறம் இராது. கரித் துண்டுகள் அகப்படலாம். வகைப்பாட்டில் இது என்டிசால். இன்னும் அடுக்கு விரியாத மண் என்று பொருள் கொள்ளலாம்.

மூல மணல் ஒன்றாக இருக்கும்போது இவ்வளவு வேற்றுமை வருவதற்குப் பனியும் நெருப்பும் காரணம். மிச்சிகன் ஏரியைக் கடந்து வரும் காற்று மேற்குப் பக்கத்தில் பெரும் பனியைக் கொட்டுகிறது. கனத்த பனிப்போர்வைக்குக் கீழே மண் பெரும்பாலும் உறைவதில்லை. வசந்தத்தில் அந்தப் பனி நாள்கணக்கில் மெல்ல உருகிச் சருகு வழியே இடைவிடாமல் இறங்குகிறது, அமிலமும் இரும்பும் அதோடு இறங்குகின்றன. கிழக்கே போகப் போகப் பனி குறைகிறது. போதாததற்கு வறண்ட சமவெளியில் தீ அடிக்கடி வந்து சருகை எரித்துவிடுகிறது. சருகு இல்லையென்றால் அமிலம் இல்லை.

தீயை நம்பியே வாழ்வது ஜாக் பைன். அதன் பிசின் பூட்டிய கூம்புகள் சூட்டில்தான் திறக்கும். எரிந்தபின் முளைக்கும் இளங்காட்டில், தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே, தரையிலேயே கூடு கட்டும் பறவை கிர்ட்லாண்ட்ஸ் வார்ப்ளர். மழை வந்தால் கூட்டில் தண்ணீர் நிற்காத கிரேலிங் மணல் அதற்குப் பெரிதும் உகந்தது. 1974-லும் 1987-லும் பாடும் ஆண் பறவைகள் 167 மட்டுமே கணக்கில் வந்தன. காட்டை வெட்டி, நட்டு, இளமையாகவே வைத்திருந்து காப்பாற்றினார்கள். 2019-இல் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

நிலத்தில் கைவைக்கும்போது

19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைப் பைனை வெட்டித் தீர்த்தபின் இந்த நிலத்தைப் பண்ணைகளாக விற்றார்கள். முதல் சில ஆண்டு விளைந்தது. மட்கு தீர்ந்ததும் விளைச்சல் நின்றது. வரி கட்ட முடியாமல் கைவிட்ட நிலங்களே பின்னால் மாநிலக் காடுகளாயின. இந்த மண்ணின் சத்தும் ஈரமும் பெரும்பாலும் மேலுள்ள மட்கில்தான். ஆகவே சருகை வாரி அப்புறப்படுத்தாதீர்கள். தோட்டம் போடுவதானால் மக்கு உரத்தை ஒவ்வோர் ஆண்டும் இட வேண்டியிருக்கும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விடுங்கள். மொத்தமாக விட்டால் வேருக்குக் கீழே போய்விடும். தழைச்சத்து உரத்துக்கும் இதே கதி, அதையும் பல தவணையாகப் பிரித்து இடுங்கள். பிஹெச் 5 அளவில் வந்தால் பதறிச் சுண்ணாம்பு போட வேண்டாம். புளூபெர்ரிக்கும் பைனுக்கும் அதுவே இதம். பள்ளங்களில் குளிர்காற்று இறங்கித் தங்கும், மே, ஜூனில்கூட உறைபனி கருக்கும். கன்றை மேட்டுப் பக்கம் நடுங்கள்.

மேலே கொட்டிய எதுவும் இந்த மணலில் மேலேயே நிற்காது. எண்ணெயோ பூச்சிமருந்தோ சிந்தினால் அது போய்ச் சேரும் இடம் நிலத்தடி நீர். அந்த நீர்தான் பக்கத்து வீட்டுக் கிணறு, அதுவே ஓ சேபிள் ஆறும் மேனிஸ்டீ ஆறும். கோடையிலும் இந்த ஆறுகள் வற்றாமல் குளிர்ந்தே ஓடுவது, மழையை மணல் வாங்கி வைத்து மெல்லக் கொடுப்பதால்தான். டிரவுட் மீன் அந்தக் குளிரை நம்பி வாழ்கிறது. டிரவுட் அன்லிமிடெட் என்ற அமைப்பு 1959-இல் ஓ சேபிள் கரையில் தொடங்கப்பட்டதும் அந்த மீனுக்காகத்தான். குழிக்குப் போகும் வண்டியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடுவது

எடுத்த வரிசைக்குத் தலைகீழாக மண்ணை நிரப்புங்கள். வெளிர் மணல், துரு, காப்பி நிறம், சாம்பல். ஒவ்வொரு அடுக்கையும் மிதித்து இறுக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழையில் குழி அமுங்கும். வெட்டி வைத்த கறுப்புப் பாயை வேர் கீழாகப் பொருத்தி, சருகைக் கையால் தூவுங்கள். மிஞ்சிய தண்ணீரை அதன் மேல் ஊற்றிவிட்டு, குழியின் இடத்தையும் ஆழங்களையும் குறிப்பேட்டில் சரிபார்த்தபின் கிளம்புங்கள்.